உம்மா இருந்த காலத்து விலை

தோஹா,
2024 பெப்ரவரி 9

திரேசா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. அக்குறணையில், மாத்தளை வீதியோரமாகச் சட்டியும் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் விற்கிற நளீர் முதலாளியைத் தெரியும் அல்லவா? அவருடைய மகள் நான். பெயர் ரிப்கா. கல்யாணம் முடித்துக் கட்டாருக்கு வந்து ஒன்பது வருடம். உங்கள் விலாசத்தை என் அண்ணன், அரூஸ் நானா, தேடித் தந்தார். ஊருக்குப் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இந்தியாவிலிருந்து வந்து கண்டியில் படிப்பிக்கிற ஆசிரியை என்று கேள்விப்பட்டேன். மாதச் சம்பளம் வாங்குகிறவர். அப்படியிருக்க, எழுபது வயது மனிதர் ஒருவரிடம் போய், இன்றைக்கு மூவாயிரத்து ஐந்நூறு போகிற சட்டியை ஆயிரத்து நூறுக்குத் தூக்கிக்கொண்டு வர உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஒரு தடவை என்றால் ஏதோ தவறு என்று விட்டுவிடலாம். பல மாதமாக, கிழமைக்கு ஒரு நாள் வருகிறீர்களாம். ஒவ்வொரு தடவையும் வாப்பா நாலு வருடத்துக்கு முந்தின விலையைத்தான் போடுகிறாராம். ஊரவர்களுக்கு இல்லை. சொந்தக்காரர்களுக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும்.

எங்கள் நாட்டில் இடையில் ரூபாயின் மதிப்பு எப்படி விழுந்தது, சாமான் விலை எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அங்கேதானே அரிசி வாங்குகிறீர்கள்.

வாப்பாவுக்குத் தலை சரியில்லை, இனிக் கடையை அவர் கையில் விட ஏலாது என்று நானா சொல்கிறார். அந்த இடத்தில் கைபேசிக் கடை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது நீங்கள் அதற்கு ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டீர்கள். குடும்பத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டாராம். நான் மட்டும்தான் இன்னும் "சரி" சொல்லவில்லை.

தயவுசெய்து இனி அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

பதில் எழுதுவதானால் என் மின்னஞ்சல் கீழே இருக்கிறது. தொலைபேசி இலக்கம் தரவில்லை. போனில் எனக்குப் பேச வராது, சண்டைதான் வரும்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். வாப்பா உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்?

ரிப்கா


கட்டுகஸ்தோட்டை,
2024 பெப்ரவரி 18

அன்புள்ள ரிப்கா,

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த பெரியவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடுத்துவிட்டுப் போனார். படித்து முடித்தபோது எனக்கு முகம் எரிந்தது. நான் யாருடைய பொருளையும் ஏமாற்றி வாங்கியவள் இல்லை. பேரம் பேசினேன். பேரம் பேசுவது குற்றம் என்றால் எங்கள் தூத்துக்குடியில் பாதிப் பேர் சிறையில் இருக்க வேண்டும்.

முதலில் என் பக்கத்தைக் கேளுங்கள். நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வருட ஒப்பந்தம். கணவர் இல்லை. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். வந்த நாளிலிருந்து இந்த ஊர் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நீ வெளியூர்க்காரி. வாயைத் திறந்தால் போதும், "இந்தியாவா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு விலை ஏறிவிடும். கண்டி மார்க்கெட்டில் ஒரு பப்பாளிக்கு எனக்கு ஒரு விலை, எனக்கு அடுத்து நின்ற பெண்ணுக்கு ஒரு விலை. த்ரீவீல்காரர்கள் மீட்டரைத் துணியால் மூடிவிடுவார்கள். பேராதனைப் பூங்காவில் என்னை வெளிநாட்டவர் வரிசைக்கு அனுப்பினார்கள். அது நியாயம்தான். ஆனால் தமிழ் பேசும் மனிதர்களிடம் தமிழில் பேசியே நான் அந்நியமாக நின்றேன். ஊரில் மீன்காரர்களை அழவைத்தவள் இங்கே கேட்ட காசைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

போன ஜூன் மாதம், அக்குறணையில் உங்கள் வாப்பாவின் கடையில் ஒரு சட்டி எடுத்தேன். மூவாயிரத்துச் சொச்சம் சொன்னார். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது.

"என்ன மொதலாளி, ஆன வெல குதுர வெல சொல்லுதிய? சட்டிக்குள்ள பொன்னு கின்னு வச்சிருக்கியளா?"

அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கவில்லை. என் பக்கம் காதைச் சாய்த்து, "இன்னொருக்கா செல்லுங்க" என்றார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பவும் சொன்னேன். அவர் ஒரு விலை சொன்னார், நான் ஒன்று சொன்னேன், இப்படியே கால் மணி நேரம். ஆயிரத்து நூறுக்கு முடிந்தது. பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், ரிப்கா. இந்த நாட்டில் முதல் முறையாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். என் ஒருத்திக்கு எத்தனை சட்டி வேண்டும்? அலமாரி நிறைந்து, இப்போது கட்டிலுக்கு அடியில் தட்டுகள் இருக்கின்றன. பேரம் பேசத்தான் போனேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவர் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மகள்" என்பார். ஆனால் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, பேரம் நடக்கும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. என் தோளுக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கக்கூடிய தூரத்தில் பார்ப்பார். ஒரு நாள் நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வீதியில் மாத்தளை பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அங்க பாக்காதீங்க, மகள். நீங்க பேசுங்க" என்றார்.

அன்று சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினேன். படி இறங்கும்போது பின்னால் அவர் "சகீனா" என்று சொன்னது கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. யாரோ போவதைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

இனிப் போகமாட்டேன். விலையில் உள்ள வித்தியாசத்தை உங்கள் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன்.

சகீனா யார்?

திரேசா


தோஹா,
2024 மார்ச் 1

திரேசா அக்காவுக்கு,

காசு வேண்டாம். முதல் கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சகீனா என்னுடைய உம்மா.

உம்மா எங்கள் ஊர் இல்லை. உங்கள் பக்கம்தான், காயல்பட்டினம். அவவுடைய வாப்பா கண்டியில் மொத்த வியாபாரம் செய்தவர். ஒரு தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண் அக்குறணைக் கடை ஒன்றில் போய்ப் பீங்கான் கோப்பைக்கு விலை கேட்டது. கடையில் நின்ற இளம் முதலாளி, இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை என்று தெரிந்ததும் இரட்டிப்பு விலை சொன்னார். அவ விடவில்லை. நீங்கள் எழுதிய அதே ஆனையும் குதிரையும்தான். கடைசியில் அவருக்கு நட்டம். ஆறு மாதத்தில் நிக்காஹ்.

எங்கள் வீடு கடைக்குப் பின்னால். நடுவில் ஒரு கதவு. வீட்டுக்கு ஏதாவது தேவை என்றால் உம்மா அந்தக் கதவால் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளும் எடுத்ததில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி, வீதியால் நடந்து வந்து, கடையின் முன்படி ஏறி, தன்னுடைய சொந்தக் கடையிலேயே நின்று விலை கேட்பா. வாப்பா யாரோ வெளியூர்ப் பெண்ணிடம் பேசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு விலை சொல்வார். வாடிக்கையாளர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கும் நானாவுக்கும் வெட்கமாக இருக்கும். முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் உம்மாவின் பேச்சு மாறவில்லை. "சொல்லுதிய" என்றுதான் கடைசிவரை.

2020 டிசம்பரில் உம்மாவுக்கு அந்தக் கொரோனா நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். போய்விட்டா.

அக்கா, நீங்கள் அப்போது இங்கே இல்லை. அந்த வருடம் அந்த நோயில் போனவர்களின் மையித்தை மண்ணில் அடக்க அரசாங்கம் விடவில்லை. எங்கள் ஆட்களையும் எரித்தார்கள். எங்களுக்கு அது என்ன என்று உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. எத்தனையோ குடும்பங்கள் சம்மதிக்க மறுத்தன. வாப்பா சம்மதித்தார். விமானம் ஓடவில்லை, நான் இங்கே நின்று போனில் கத்தினேன். "எனத்துக்குச் சம்மதிச்சீங்க? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினீங்களா?" என்று கேட்டேன். போன் திறந்தபடியே இருந்தது, அவர் மூச்சு மட்டும் கேட்டது. நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

நானா எனக்குச் சொன்ன அந்தப் பழைய விலைகளை நேற்றுக் கணக்குப் பார்த்தேன். எல்லாம் உம்மா இருந்த காலத்து விலை. அவ இறந்த மாதத்தோடு அவை நின்றுவிட்டன.

நீங்கள் போகாமல் இருப்பதுதான் நல்லது. நோன்பு வருகிறது. வாப்பா தொழுகை, ஓதல் என்று அமல்களில் மூழ்கி மறந்துவிடுவார்.

ரிப்கா


கட்டுகஸ்தோட்டை,
2024 ஏப்ரல் 21

அன்புள்ள ரிப்கா,

அவர் மறக்கவில்லை.

பெருநாள் முடிந்த பிறகு உங்கள் அண்ணன் அரூஸ் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், நான்தான் ஒங்கள வர வேணாம்னு சொல்ல வெச்சது. இப்ப நானே கூப்புட வந்தீக்கிறேன். வாப்பா ஆருக்கும் விலை செல்றாரில்ல. ஆக்கள் சாமான எடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. 'வரட்டும், வரட்டும்'ங்கிறார். நோம்பு தொறக்கக்கூட நான் போய்க் கையைப் புடிச்சு எழுப்ப வேண்டி ஈந்திச்சி."

அவருடைய வேனிலேயே போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மனிதரை ஏமாற்றிக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

கடையில் வேறு யாரும் இல்லை. என்னைக் கண்டதும் எழுந்தார். ஒரு கண்ணாடித் தட்டத்தைத் துடைத்து முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

"மொதலாளி, நான் உங்க வீட்டம்மா இல்ல. என் பேரு திரேசா. தூத்துக்குடி" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். எத்தனை சனிக்கிழமை போயிருப்பேன், அப்போதுதான் முதல் தடவையாக.

"என்ட பொண்டாட்டி ஆருன்னு எனக்குத் தெரியாதா, மகள்? அவ ஒங்களவிடக் கட்ட. மூக்குல மச்சம் ஈந்திச்சி."

"அப்போ ஏன் அந்த வெலைக்குத் தந்திய?"

"நீங்க சாமான் வாங்கினீங்கன்னு நெனச்சிக்கிட்டீங்களா? நான்தான் வாங்கினேன். நீங்க அந்தப் பேச்சப் பேசினீங்க. அதுக்கு நான் தந்த விலை அது. எனக்கு லாபந்தான்."

வாசலில் நின்ற அரூஸ் உள்ளே ஓரடி வைத்துவிட்டு நின்றார். உங்கள் வாப்பா அவரைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார். நான் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மத்தவங்க வெள்ளிக்கெழம கபுறடிக்குப் போய் ஸலாம் செல்லிட்டு வாறாங்க. நான் எங்க போற? அவவுக்கு ஒரு பிடி மண் இல்லயே. கெனவுலயும் வாறல்ல. நீங்க அண்டைக்கு வந்து சட்டிக்கு விலை கேக்கக்குள்ள, ஒங்களுக்குப் பின்னால வந்து நிண்டா. கண்ணால கண்டேன்னு செல்லல்ல. நிண்டா, அவ்வளவுதான். விலை முடிஞ்ச ஒடன போயிட்டா. அதுதான் நான் லேசுல முடிக்கிறல்ல. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு இழுத்துக்கிட்டு ஈந்தேன்."

அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அரூஸ் வெளியே போய், வீதியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். வாப்பாவுக்குத் தலை சரியில்லை என்று அவர் இனிச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வாப்பா அந்தத் தட்டத்தைப் பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தார். இன்றைய விலையைச் சொன்னார். குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. நானும் குறைத்துக் கேட்காமல் கொடுத்தேன். கொடுக்கும்போது கேட்டார், "ரிப்கா எழுதினாளா?"

ஆமாம் என்றேன்.

"சொகமா ஈக்கிறாளாமா?"

சுகம் என்றேன்.

திரேசா


தோஹா,
2024 மே 3

திரேசா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். ஏன் அவரிடம் போய் அப்படிச் சொன்னீர்கள்? அவர் ஏமாந்துகொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தவரை எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. புத்தி கெட்டுப்போன வாப்பா என்றால் மன்னித்துவிடலாம். நல்ல புத்தியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கோபம் வந்தாலும் சரி. உம்மா உங்களுக்குப் பின்னால் வந்து நின்றாவாம். நீங்கள் யார்? அவவைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஒரே கடற்கரையில் பிறந்ததைத் தவிர உங்களுக்கும் அவவுக்கும் என்ன உறவு? நான் அவ பெற்ற பிள்ளை. மூன்றரை வருடமாகத் தொழுகைப் பாயில் உட்கார்ந்து ஒரு தடவை வாங்க உம்மா என்று கெஞ்சுகிறேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை இங்கே பழைய சந்தைக்குப் போனேன். ஒரு பித்தளைக் கிண்ணம். விலை கேட்டேன். கடைக்காரர் என் முகத்தையும் முக்காட்டையும் பார்த்து, எந்த நாட்டுக்காரி என்று மனதுக்குள் அளந்துவிட்டு ஒரு விலை சொன்னார். பக்கத்தில் நின்ற என் கணவர் பவாஸ் "கொறைச்சுக் கேளு" என்று இடித்தார். எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டு வந்தேன். உம்மாவின் மகள்! பவாஸ் வழியெல்லாம் சிரித்தார். வீட்டுக்கு வந்து அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மேல் தட்டில் தள்ளிவிட்டேன்.

நானா இப்போது கடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

ரிப்கா


கட்டுகஸ்தோட்டை,
2024 ஜூன் 30

அன்புள்ள ரிப்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. இப்போது எழுதாவிட்டால் பிறகு என்னை நானே திட்டிக்கொள்வேன்.

கடையை உங்கள் வாப்பாவே அரூஸிடம் கொடுத்துவிட்டார். யாரும் பிடுங்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து ஒரு காலையில், "இனி நீ பாத்துக்க" என்றாராம். ஜூலைக் கடைசி வரைக்கும் இருக்கிற சாமானை விற்றுவிட்டுப் பூட்டுவார்கள். ஆடி மாதத்துக் காற்று மாதிரி ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். கடை அலமாரிகளில் பாதி காலி.

என் ஒப்பந்தமும் முடிந்தது. பதினைந்தாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறேன். நேற்று விடைபெறப் போனேன். கடைசியாக ஒரு தடவை பேரம் பேசட்டுமா என்று நானே கேட்டேன். நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம், மகள். அது ஒங்கட பேச்சு. இவ்வளவு நாளும் நான் அத எரவல் வாங்கிட்டேன்."

நீங்கள் கேட்டீர்களே, நான் யார் என்று. யாரும் இல்லை. விலை கேட்க வந்தவள். உங்கள் உம்மா எனக்குப் பின்னால் நின்றார்களா என்பதும் எனக்குத் தெரியாது. இயற்பியல் படித்தவள் நான், அப்படி ஒன்றை எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் கடைப் படியில் நின்று பேசியபோது நான் தனியாக இருந்தேன் என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வாருங்கள். பின்னால் யாராவது வந்து நிற்பார்களா என்று பார்க்க வேண்டாம். முன்னால் ஒருவர் இன்னும் இருக்கிறார்.

தூத்துக்குடி விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். வந்தால் ஒரு வரி போடுங்கள். வராவிட்டால் வேண்டாம்.

திரேசா


அக்குறணை,
2024 ஆகஸ்ட் 2

அன்புள்ள திரேசா அக்கா,

வந்தேன். ஜூலை இருபத்தேழாம் தேதி. பிள்ளைகளைப் பவாஸிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். விமான நிலையத்திலிருந்து நானாதான் கூட்டி வந்தார். ஊருக்குக் கிட்ட, கலகெதரவைத் தாண்டிய பிறகுதான் நானா, "வாப்பாட்ட நீ வாறத நான் செல்லல்ல" என்றார்.

வீட்டுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. பையை நானாவின் வாகனத்தில் விட்டுவிட்டு, வீதியால் போய்க் கடைப் படியில் ஏறினேன். மழைத் தூறல். சாமான் அடுக்குகிற தட்டுகள் எல்லாம் வெறுமை. மூலையில் கொஞ்சம் அலுமினியச் சட்டி, ஜோடி பிரிந்த கோப்பைகள். வாப்பா கதிரையில் இருந்தார். இவ்வளவு சிறிய மனிதராக இருந்தாரா என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். கண்ணில் அடையாளம் தெரிந்தது. ஆனால் எழும்பவில்லை, ஸலாமுக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"எனத்த வேணும்?" என்று கேட்டார்.

எனக்கும் வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு சட்டியை எடுத்தேன். விலை கேட்டேன்.

"அம்பத்தெட்டாயிரம்."

"எனத்த விலை வாப்பா இது?"

"வெளிநாட்டுல ஈக்கிற ஆக்களுக்கு இதுதான்."

என்னைக் குத்துகிறார் என்று நினைத்தேன். வந்திருக்கக் கூடாது, இந்த மனிதர் மாறவேமாட்டார் என்று நினைத்துச் சட்டியை வைத்துவிட்டேன். அப்போது வாப்பா மெதுவாகச் சொன்னார்.

"பொட்டிக்கு இதத்தான் கேட்டாங்க."

எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை, அக்கா. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில ஒரு மேச. மேசைக்குப் பின்னால ஒரு ஆள். கெட்ட மனுசன்னு செல்ல ஏலாது, எனக்கு மொகத்தக் காட்ட வெக்கப்பட்டுத்தான் செல்லிச்சி. பொட்டிக்கு இவ்வளவு, எரிக்க இவ்வளவுன்னு. நான் பொறந்ததுல இருந்து விலை பேசினவன். அண்டைக்கு வாய் தொறக்கல்ல. எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். நீ போன்ல கேட்டியே, ஒரு வார்த்த எதுத்துப் பேசினீங்களான்னு. இப்ப நீ பேசு. நான் அந்த மேசைக்காரன். கொறச்சுக் காட்டு."

அவர் விளையாடவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பேசினேன். மூன்றரை வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததை எல்லாம் பேசினேன்.

"பொட்டி எங்களுக்கு வேணாம்."

"பொட்டி இல்லாம ஏலாது."

"எங்கட உம்மாவ எங்கள்ட்ட தாங்க. எங்கட பள்ளிவாசல்லயே அடக்கிக்கிறோம். ஆழமா வெட்டுறோம். நீங்க செல்ற ஆழத்துக்கு வெட்டுறோம்."

"சட்டம் அப்படி இல்ல."

"ஒருக்கா மொகத்தயாவது காட்டுங்க."

"நேரம் இல்ல."

"சல்லி தர ஏலாது. ஒரு சதமும் தர ஏலாது."

"அப்ப நீங்க வரவும் ஏலாது. நாங்களே எரிச்சிடுவோம்."

வாப்பாவின் குரலில் கோபமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று ஆயிரம் தடவை தனக்குள் ஓட்டிப் பார்த்தவரின் பதில்கள் அவை. நான் கத்தினேன், கெஞ்சினேன். உம்மாவின் பேச்சுக்கூட வந்தது. விலை ஒரு சதமும் இறங்கவில்லை. கடைசியில், பேரம் பேசுகிற எவளும் கடைசியாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்ப வேணாம், நீங்களே வச்சிக்—"

அதை முடிக்க எனக்கு ஏலவில்லை, அக்கா. யாரை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

வாப்பா தலையை ஆட்டினார்.

"வருதில்ல, என? எனக்கும் வரல்ல. சாமான்னா வேணாம்னுட்டுத் திரும்பி நடக்கலாம். அவ உள்ளுக்கு ஈக்கிறா. அவள விட்டுட்டு நான் எப்படி மகள் திரும்பி நடக்கிற?"

நான் மேசையைச் சுற்றி உள்ளே போனேன். வாப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். அவர் கை என் தலைமேல் இருந்தது. அந்த டிசம்பரில் நடந்ததை எல்லாம், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தொடங்கி, முதல் தடவையாகச் சொன்னார். காசு கட்டினால்தான் பெட்டிக்குப் பின்னால் போக விடுவார்களாம். அதற்காகத்தான் கட்டியிருக்கிறார். தூரத்தில், எரிக்கிற இடத்து மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, நானாவும் அவரும் இரண்டே பேராக உம்மாவுக்கு ஜனாஸாத் தொழுகை தொழுதிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. நானாவும் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. சொல்லி முடியும்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நானா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் தேதி மிச்சச் சாமானை ஒருவர் மொத்தமாக ஏற்றிக்கொண்டு போனார். வாப்பா அவரிடம் விலை பேசவில்லை, நானாவை விட்டுவிட்டார். கடையைக் கூட்டினோம். வெறும் தட்டுகளைத் துடைத்தோம். வீட்டுக்குப் போகிற நடுக்கதவை உள்ளிருந்து தாழ் போட்டோம். பிறகு முன்பக்கத்தால் வெளியே வந்தோம். நானா பூட்டை எடுத்து நின்றார்.

வாப்பா பலகைக் கதவின் ஒரு பாதியைச் சாத்தினார். மற்றப் பாதியில் கையை வைத்தவர், சாத்தாமல் நின்றார். பிறகு படியில் ஓரமாக ஒதுங்கினார், உள்ளே இருந்து வருகிற ஒருவருக்கு வழி விடுவதுபோல.

நானும் ஒதுங்கி நின்றேன்.

ரிப்கா